எல்லை கடக்கும் செல்வமும் எல்லையில் நிற்கும் வரியும்

உத்தியோகத்தின் பொருட்டோ வியாபாரத்தின் பொருட்டோ தாய்மாநிலம் விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு ஓர் அநுபவம் பொதுவானது. ஊர் மாறினால் வரியும் மாறும். தில்லியில் பணிபுரிபவர் தொழில் வரி என்று ஒன்றைச் செலுத்துவதில்லை. அவரே மாற்றலாகி மும்பைக்குச் சென்றால், முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே அந்தப் பிடித்தத்தைக் காண்கிறார். நம் அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு அதற்கு ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாய் என்று உச்ச வரம்பு விதித்திருக்கிறது. தொகை சிறிதுதான். ஆயினும், எந்த எல்லைக்குள் உழைக்கிறோமோ அந்த எல்லையின் சட்டம் நம்மைத் தவறாமல் கண்டுகொள்கிறது. வருமான வரிக்கு உட்பட்ட சம்பளமாயின், அவ்வரியும் பணம் நம் கைக்கு வருமுன்பே கழிக்கப்பட்டு விடுகிறது.

மனிதன் எங்கே இருக்கிறானோ அங்கேதான் அவனுடைய உழைப்பும் இருக்கும். ஆகவே உழைப்பின் மீது வரி விதிப்பது எளிது. பெருஞ் செல்வத்தின் இயல்பு வேறு. அது ஓரிடத்தில் விளைந்து, வேறோரிடத்தில் பதிவாகி, மூன்றாவது இடத்தில் உறங்கக்கூடியது. அது எல்லையைக் கடக்கும். அதன் மீது விதிக்கப்படும் வரியோ எல்லையிலேயே நின்றுவிடும். உலகில் செல்வர்க்கும் வறியவர்க்கும் உள்ள இடைவெளி குறையாமல் நிற்பதற்குரிய காரணங்களுள் இது முக்கியமான ஒன்று. நாடுகள் வரி விஷயத்தில் ஒத்துழைக்க வேண்டும் என்று இன்று எழுந்துள்ள கோரிக்கையின் பொருள் என்ன, அதில் நமக்குள்ள பங்கு என்ன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஏற்றத்தாழ்வின் அளவை முதலில் தெரிந்துகொள்வது நலம். 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை கூறும் கணக்கு இது: உலக மக்களில் மேல்தட்டிலுள்ள பத்தில் ஒரு பங்கினரிடம் மொத்தச் செல்வத்தில் 76 சதவீதம் குவிந்திருக்கிறது. கீழ்த்தட்டிலுள்ள சரிபாதி மக்களிடம் இருப்பது 2 சதவீதம் மட்டுமே. இந்த இடைவெளியைக் குறைக்க அரசாங்கங்களிடம் உள்ள பழைய கருவி வரி. உள்ளவரிடம் பெற்று, பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் குடிநீராகவும் இல்லாதவரிடம் சேர்ப்பதே அதன் தர்மம். பொருள் வரும் வழியை உண்டாக்குவதும், வந்ததைச் சேர்ப்பதும், சேர்த்ததைக் காப்பதும், காத்ததைப் பகிர்ந்தளிப்பதும் வல்ல அரசின் இலக்கணம் என்று வள்ளுவரும் வகுத்திருக்கிறார். சேர்ப்பதிலேயே ஓட்டை விழுந்துவிட்டால் பகிர்ந்தளிப்பது எங்ஙனம்?

ஓட்டை விழுந்த விதம்

ஓர் உதாரணம் கொள்வோம். ஏதோ ஒரு நாட்டில் ஒரு நிறுவனம் சோப்புத் தயாரித்து விற்கிறது. ஆண்டு லாபம் 100 கோடி. அந்நாட்டில் வரி 25 சதவீதம்; எனவே 25 கோடி வரியாக வரவேண்டும். ஆனால் அந்தச் சோப்பின் பெயருக்கும் அடையாளச் சின்னத்துக்கும் உரிமை பெற்றது, வரியே இல்லாத ஒரு தீவில் பதிவான வேறொரு நிறுவனம் என்று காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. பெயரைப் பயன்படுத்தியதற்காக ஆண்டுதோறும் 80 கோடி ராயல்டி தீவுக்குப் போகிறது. அத்தொகையில் பிடித்தம் செய்ய அந்நாட்டுச் சட்டம் வழிவகுக்காவிட்டால், எஞ்சிய 20 கோடிக்கே வரி. அதாவது 5 கோடி. சோப்பைச் செய்தவர்கள் இங்கே, வாங்கியவர்கள் இங்கே, சரக்கு சென்ற சாலை இங்கே. லாபம் மட்டும் தீவில் விளைந்ததாகக் கணக்கு!

இது கற்பனை உதாரணமே. ஆனால் இதன் முறை கற்பனையன்று. கேமன் தீவுகளில் அக்லண்ட் ஹவுஸ் என்ற ஒரே கட்டடத்தைப் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தம் விலாசமாகக் காட்டியிருந்ததை, அமெரிக்க அரசாங்கத்தின் தணிக்கை அலுவலகம் 2008-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியது. அத்தனை நிறுவனங்களும் ஐந்து மாடிகளில் அமர்ந்து வேலை செய்ய இயலாது என்பது வெள்ளிடைமலை. 2022-இல் பன்னாட்டு நிறுவனங்கள் தம் தலைமையக நாட்டுக்கு வெளியே ஈட்டிய லாபத்தில் 35 சதவீதம், சுமார் 1 லட்சம் கோடி டாலர், இத்தகைய வரிப் புகலிடங்களுக்கு மாற்றப்பட்டதாக ஐரோப்பிய வரி ஆய்வகம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டது.

ஒரே முதலாளியின் இரு நிறுவனங்கள் கொடுக்கல் வாங்கல் செய்தால், உறவில்லாத இருவர் பேரம் பேசி முடித்திருக்கும் விலையே கணக்கில் ஏறவேண்டும் என்பது சட்டம். நம் நாட்டிலும் 2001 முதல் இதற்கென விரிவான விதிகள் உண்டு. ஆனால் ஒரு சோப்பின் பெயர் சந்தையில் கூறுகட்டி விற்கும் பண்டமன்று. அதைப் போன்ற இன்னொன்று இல்லாதபோது, நியாய விலை இதுவென்று எந்த அதிகாரி நிர்ணயிப்பார்? வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதற்கு இதுவே காரணம்.

இந்த ஓட்டையைப் பார்த்து நாடுகள் செய்த காரியம் வருந்தத்தக்கது. லாபம் ஓடிவிடுமே என்று அஞ்சி, ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரி விகிதத்தைக் குறைத்தன. நிறுவன லாபத்தின் மீதான வரி 1985-இல் உலகச் சராசரியாக 49 சதவீதமாக இருந்தது. 2018-இல் அது ஏறக்குறைய 24 சதவீதமாகிவிட்டது. நம் நாடும் 2019 செப்டம்பரில், சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு 22 சதவீதம் என்று குறைத்தது. அரசாங்கத்தின் செலவு குறையாதபோது இந்த இழப்பை ஈடுசெய்பவர் யார்? அன்றாடம் பண்டம் வாங்கும் எளிய மக்களே. கடையில் ஒரு சோப்புக் கட்டியின் மீதுள்ள வரி, கூலிக்காரருக்கும் கோடீசுவரருக்கும் ஒன்றே அன்றோ?

நம் மாநிலங்கள் கற்ற பாடம்

இந்தப் பிணி நமக்குப் புதியதன்று. நம் நாட்டுக்குள்ளேயே மாநிலங்கள் இதை அநுபவித்து, ஓரளவு மருந்தும் கண்டிருக்கின்றன. அந்தக் கதையில் தமிழகத்துக்கு ஒரு தொடக்கப் பங்கும் உண்டு.

மதுவிலக்கினால் ஏற்பட்ட வருமானக் குறைவை ஈடுகட்ட, ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிற மாகாணங்களும் அவ்வழியைப் பின்பற்றின. பிறகு சிக்கல் எழுந்தது. ஒரு மாநிலத்து வியாபாரி வேறு மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்பினால், சரக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு மாநிலமும் அவரிடம் வரி கேட்கலாம் என்று 1953-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் ஊராகக் கணக்குக் காட்ட நேர்ந்த வியாபாரிகள் தவித்தனர். 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்பை மாற்றியது. 1956-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, மத்திய விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. ஒரே சரக்குக்குப் பலர் வரி கேட்கும் தொல்லை இவ்வாறு ஒழுங்குக்கு வந்தது.

அது தீர்ந்ததும் நேர்மாறான நோய் தோன்றியது. தொழிற்சாலைகளைத் தம்பால் இழுப்பதற்காக மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு விற்பனை வரியைக் குறைத்தன; ஆண்டுக்கணக்கில் விலக்கும் அளித்தன. ஒருவர் குறைத்தால் அடுத்தவரும் குறைக்க வேண்டியதாயிற்று. முடிவில் தொழிற்சாலை எங்கேனும் ஓரிடத்தில் அமைந்தது. வருமானத்தையோ எல்லோரும் இழந்தனர். இதனை உணர்ந்த மாநிலங்கள் 1999-இல் கூடிப் பேசி, இன்ன பண்டத்துக்கு இந்த விகிதத்துக்குக் கீழே எவரும் இறங்குவதில்லை என்று தரை விகிதங்களை ஏற்றன. 2000 ஜனவரி 1 முதல் அந்த ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவர முற்பட்டன. அதன் வழியே நடந்து, 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி வரை வந்து சேர்ந்திருக்கிறோம். இதில் மாநிலங்களின் வரி உரிமை குறைகிறது என்று தமிழகம் எழுப்பிய ஆட்சேபமும் நினைவிற்குரியது. ஒத்துழைப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார், எவ்வளவு கொடுப்பது என்பதே எப்போதும் வழக்கு.

உலக நாடுகளின் கதையும் இதே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் ஒரே வருமானத்துக்கு இரு நாடுகள் வரி கேட்கும் தொல்லை எழுந்தது. அதைத் தீர்க்கச் சர்வதேச சங்கம் நான்கு பொருளாதார நிபுணர்களிடம் ஆலோசனை கேட்டு, 1923-இல் அறிக்கை பெற்றது. 1928-இல் மாதிரி ஒப்பந்தங்கள் உருவாயின. பின்னர் நாடுகள் இரண்டிரண்டாக இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்து வந்தது நேர்மாறான நோய்: ஒருவருமே வரி வாங்காத நிலை.

மொரீஷியஸ் வழி

இதற்கு நம் நாடு கண்ட தெளிவான சாட்சி மொரீஷியஸ் ஒப்பந்தம். 1982-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின்படி, மொரீஷியஸை வசிப்பிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம் இந்தியக் கம்பெனிப் பங்குகளை வாங்கி விற்று லாபம் அடைந்தால், அந்த மூலதன ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை மொரீஷியஸுக்கு மட்டுமே உண்டு. மொரீஷியஸோ மூலதன ஆதாயத்துக்கு வரி விதிப்பதில்லை. இரட்டை வரியைத் தவிர்க்க எழுதிய ஏடு, எந்த வரியும் இல்லாத வாயிலாகிவிட்டது.

உலகின் பல பாகத்துப் பணமும் அச்சிறு தீவின் விலாசத்தைப் பூண்டு இந்தியாவுக்குள் வந்தது. பல ஆண்டுகள், நம் நாட்டுக்கு வரும் அந்நிய முதலீட்டின் முதன்மையான ஊற்றுகளில் ஒன்று மொரீஷியஸ் என்றே புள்ளிவிவரம் காட்டியது. நம் நாட்டிலிருந்தே வெளியேறிய பணமும் அவ்வழியே வேடமிட்டுத் திரும்புகிறது என்ற ஐயமும் எழுந்தது. இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளவரை அதன் சலுகையை மறுக்க இயலாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் குறையைச் சட்டத்தாலன்றித் தீர்க்க முடியாது என்பது அதன் பொருள். 2016 மே மாதத்தில் இரு நாடுகளும் திருத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கப்படும் பங்குகளின் ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமையை இந்தியா பெற்றது. ஒரே ஒரு வாயிலை அடைக்க முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. உலகிலோ வாயில்கள் பல. ஆகவேதான் இரண்டிரண்டு நாடுகளாகப் பேசுவது போதாது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

கூடிச் செய்ததில் கிட்டிய பயன்

ஒத்துழைப்பினால் பயன் உண்டா என்ற ஐயத்துக்கு வங்கி இரகசியத்தின் கதை விடை தருகிறது. சுவிட்சர்லாந்து 1934-இல் வங்கி இரகசியத்தைச் சட்டமாக்கியது. வாடிக்கையாளரின் கணக்கை வெளியிடும் ஊழியர் சிறைக்கும் போகலாம் என்ற நிலை. பல தலைமுறைகள் அந்தக் கதவைத் தட்டியவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். 2014-இல் பல நாடுகள் சேர்ந்து ஒரு பொது முறையை வகுத்தன. ஒரு நாட்டு வங்கியில் வேறு நாட்டவர் வைத்திருக்கும் கணக்கின் விவரத்தை, எவரும் கேட்காமலே ஆண்டுதோறும் அந்நாட்டு வரி அலுவலகத்துக்கு அனுப்பும் முறை அது. 2017 முதல் இந்தியாவும் இம்முறையில் தகவல் பரிமாறி வருகிறது. 2019 செப்டம்பரில் சுவிட்சர்லாந்திலிருந்து முதல் தொகுதி விவரங்கள் இந்தியாவுக்கு வந்தன. வெளிநாடுகளில் வைத்த செல்வத்தின் மூலம் நடக்கும் வரி ஏய்ப்பு, பத்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்று மேற்சொன்ன ஐரோப்பிய ஆய்வகம் கணித்தது. அசைக்க முடியாதது என்று கருதப்பட்ட கதவு, பலர் சேர்ந்து தள்ளியதும் திறந்தது.

இரண்டாவது முயற்சி, நாம் முன்பு கண்ட தரை விகிதத்தை ஒத்தது. 2021 அக்டோபரில் 136 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும், ஆண்டு வரவு 75 கோடி யூரோவுக்கு மேற்பட்ட பன்னாட்டு நிறுவனங்கள் எங்கே லாபம் காட்டினும் குறைந்தது 15 சதவீதம் வரி செலுத்த வேண்டும் என இசைந்தன. ஒரு தீவு வரி வாங்காமல் விட்டால், அந்தக் குறையை வேறொரு நாடு வசூலித்துக்கொள்ளலாம். அப்போது புகலிடத்துக்கு ஓடுவதால் லாபமில்லை. ஆயினும் கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நான்கு நாடுகள் அன்று இசையவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா, இந்த உடன்பாடு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஜி-7 நாடுகள், அமெரிக்கத் தலைமையகம் கொண்ட நிறுவனங்களை அதன் முக்கிய விதிகளிலிருந்து விலக்கி வைக்க ஒப்புக்கொண்டன. பலசாலி வெளியே நின்றுவிட்டால் தரை விகிதம் என்னாகும் என்பது நம் மாநிலங்களின் அநுபவத்திலிருந்தே ஊகிக்கத்தக்கது.

கைப்பேசியின் வாயிலாக விளம்பரம் செய்தும் சேவை விற்றும் பொருள் ஈட்டும் நிறுவனங்கள் வேறொரு சிக்கல். பழைய ஒப்பந்தங்களின்படி, ஒரு நாட்டில் நிலையான அலுவலகம் வைத்திருந்தால்தான் அந்நாடு வரி கேட்க முடியும். அலுவலகமே இல்லாமல் கோடிக்கணக்கானோரிடம் வியாபாரம் நடக்கும் என்று 1928-இல் எவர் கண்டார்? இந்தியா 2016-இல் இணைய விளம்பரங்களுக்கு 6 சதவீதமும், 2020-இல் இணைய வணிகத்துக்கு 2 சதவீதமும் சமன்பாட்டுத் தீர்வை விதித்தது. அந்நிய நாட்டின் ஆட்சேபம் எழுந்தது. பிந்தியது 2024 ஆகஸ்டிலும், முந்தியது 2025 ஏப்ரலிலும் நீக்கப்பட்டன. தனித்து நின்று வரி போடும் நாடு தனித்து நின்றே பேரம் பேசவும் நேரிடுகிறது.

மிகப் பெருஞ் செல்வரும் வரியும்

நிறுவனங்களை விட்டுத் தனி மனிதரைப் பார்ப்போம். நூறு கோடி டாலருக்கு மேல் செல்வம் உடையோர் உலகில் சுமார் 3,000 பேர். அவர்களது செல்வம் பெரும்பாலும் பங்குகளாக இருக்கிறது. விற்காதவரை அதன் வளர்ச்சி வருமானக் கணக்கில் வருவதில்லை. எனவே அவர்கள் செலுத்தும் வருமான வரி, செல்வத்தின் அளவோடு ஒப்பிட்டால் 0 முதல் 0.5 சதவீதம் வரையே என்று ஆய்வு கூறுகிறது. 2024-இல் ஜி-20 தலைமையை வகித்த பிரேசில் கேட்டுக்கொண்டதன்பேரில், பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் கப்ரியேல் சுக்மான் ஒரு திட்டம் வகுத்தார். இவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தம் செல்வத்தில் 2 சதவீதத்துக்குக் குறையாமல் வரி செலுத்த வேண்டும். அதனால் 20,000 கோடி முதல் 25,000 கோடி டாலர் வரை கிட்டும் என்பது அவர் கணிப்பு. அவ்வாண்டு ஜூலையில் ரியோ நகரில் கூடிய ஜி-20 நிதி அமைச்சர்கள், மிகப் பெருஞ் செல்வரிடம் முறையாக வரி பெற ஒத்துழைக்க முயல்வோம் என்று மட்டும் அறிக்கை விடுத்தனர்.

செல்வத்தின் மீது வரி என்பது நமக்குப் புதிய யோசனையன்று. கேம்பிரிட்ஜ் அறிஞர் நிக்கலஸ் கால்டர் 1956-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையைத் தழுவி, 1957-இல் நிதி அமைச்சராயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். செலவு வரி நிலைக்கவில்லை. செல்வ வரி அரை நூற்றாண்டுக்கு மேல் ஏட்டில் இருந்தது. 2013-14-இல் அது தந்த வருமானம் நாடு முழுவதற்குமாக 1,008 கோடி ரூபாய் மட்டுமே. வசூலிக்கும் செலவும் தொல்லையும் அதிகம் என்று 2015 வரவு செலவுத் திட்டத்தில் அது கைவிடப்பட்டது. இதைக் கொண்டு யோசனையே பயனற்றது என்று முடிவுகட்டலாகாது. விலக்குகள் மிகுந்து, பங்குகள் போன்ற முக்கியச் செல்வங்கள் வரிக்கு வெளியே நின்றால், அந்த வரி சல்லடையில் மொண்ட நீராகத்தான் இருக்கும். சொத்து எங்கே இருக்கிறது என்று பிற நாடுகள் சொல்ல மறுத்த காலம் அது என்பதையும் மறக்கலாகாது.

விதி எழுதும் கை

இத்துணை விதிகளையும் இதுவரை எழுதியவர் யார்? பெரும்பாலும் பாரிஸில் தலைமையகம் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி ஸ்தாபனம். அதன் உறுப்பினர் 38 நாடுகள். பெரும்பாலும் செல்வ நாடுகள். மற்றவர் உள்ளே அமரலாம். ஆனால் நிகழ்ச்சி நிரல் அவர்கள் கையிலில்லை என்ற மனக்குறை நெடுநாளையது. ஆப்பிரிக்க நாடுகள் முன்னின்று இந்தப் பேச்சை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுவந்தன. 2023 நவம்பரில், வரி ஒத்துழைப்புக்கென ஓர் உலக ஒப்பந்தம் வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 125 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. எதிர்த்தவை 48, அவற்றுள் பெரும்பாலானவை செல்வ நாடுகள். 2024 டிசம்பரில் பேச்சின் வரையறைகள் ஏற்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா பேச்சிலிருந்து வெளியேறியது. ஒப்பந்தத்தையும், அதனுடன் எல்லை தாண்டிய சேவைகளின் மீதான வரி, வரித் தகராறுகளின் தீர்வு ஆகியவை பற்றிய இரு துணை ஒப்பந்தங்களையும் 2027-இல் முடிக்க வேண்டும் என்பது குறித்துள்ள காலம்.

இதற்குத் தடை கூறுவோர் சொல்வதையும் கேட்க வேண்டும். வரி விதிப்பது ஒரு நாட்டின் சுயாதிகாரம். அதை வெளியார் கையில் கொடுப்பதா என்பது ஒன்று. ஆனால் ஓடும் லாபத்தைப் பிடிக்க முடியாத சுயாதிகாரம் பெயரளவில்தான் இருக்கிறது. வேறு வளமில்லாத சிறு தீவுகள் எதைக் கொண்டு பிழைக்கும் என்பது மற்றொன்று. இது நியாயமான கேள்வியே. அவற்றுக்கு மாற்று வழி காட்டாமல் கதவை மட்டும் அடைப்பது தர்மமாகாது. வசூலான பணம் வறியவரைச் சென்றடையும் என்பதற்கு என்ன உறுதி என்பது மூன்றாவது. அதற்கு எந்தச் சர்வதேச ஒப்பந்தமும் விடையளிக்க முடியாது. அந்த உறுதியைப் பெற வேண்டியவர்கள் அந்தந்த நாட்டுக் குடிமக்களே.

சம்பளச் சீட்டுக்கு மீண்டும் வருவோம். அதில் கழியும் தொகையைப் பார்த்து நாம் முணுமுணுப்பது இயல்பு. ஆனால் நாம் வாழும் நகரத்தின் அரசு மருத்துவமனையில் ஒரு கட்டிலில் இருவர் படுத்திருப்பதைக் காணும்போது, நாம் செலுத்திய வரி மிகையென்று தோன்றுவதில்லை. செலுத்த வேண்டிய வேறு யாரோ செலுத்தவில்லை என்றே தோன்றுகிறது. அந்த வேறு யாரோ, எந்த நாட்டு எல்லைக்குள்ளும் அகப்படாமல் நிற்கிறார். அவரைக் கண்டுகொள்ள ஒரு நாட்டின் சட்டம் போதாது. வரும் ஆண்டுகளில் இவ்வொப்பந்தம் பற்றிய செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் சிறு எழுத்தில் வரக்கூடும். அதைப் புரட்டிக் கடந்து செல்லாமல் ஒரு கணம் நின்று படிப்போம். அந்தச் சிறு எழுத்து, நம் சம்பளச் சீட்டையும் அந்த மருத்துவமனைக் கட்டிலையும் பற்றியதே.